குழந்தையைப் பின்தொடராத கண்காணிப்பு

2019 ஏப்ரலில் ஒரு தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், அரசுப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், குழந்தை தேடும் ஒருவரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்தைப் பொறுத்து ஏற்ற இறக்கம், பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதற்குத் தனித்தொகை. முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருவதாக அந்தக் குரல் சொன்னது. செவிலியர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தரகர்கள் எனப் பலர் கைதாயினர். கொல்லிமலையின் ஏழைக் குடும்பங்கள்வரை நூல் நீண்டது. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது.

அதோடு முடியவில்லை. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகத்தில் இருந்த குழந்தை கொரோனாவில் இறந்து அடக்கம் செய்யப்பட்டதாக ஆவணம் காட்டப்பட்டது. விசாரித்தபோது அந்தக் குழந்தை உயிரோடு வேறொரு வீட்டில் இருந்தது; விற்கப்பட்டிருந்தது. 2023 அக்டோபரில் திருச்செங்கோடு அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஒருவர், தரகருடன் சேர்ந்து குழந்தைகளை விற்ற குற்றச்சாட்டில் கைதானார். நான்கரை ஆண்டுகளில் மூன்று செய்திகள். அவற்றில் இரண்டு ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இவ்வளவுக்கும் இந்தியாவில் தத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. முறைப்படி தத்தெடுக்க வரும் தம்பதியரைக் கேட்டால் கெடுபிடிகளின் பட்டியலையே ஒப்பிப்பார்கள். திருமண வாழ்க்கை குறைந்தது 2 ஆண்டுகள் நிலையாக இருந்திருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன், மனைவி வயதின் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும். தனியாக வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், உறவுகள் அனைத்தையும் விசாரித்து எழுதுவார். இவற்றில் எதையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

இத்தனை கெடுபிடிகளுக்கு நடுவே குழந்தை எப்படி விலைக்கு வருகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமது கண்காணிப்பு, தத்தெடுக்க விண்ணப்பிக்கும் பெற்றோரைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தை போகும் வழி நெடுகிலும் அது கூடப் போவதில்லை. பிரசவ அறையில் அது இல்லை. பெற்றவள் கையெழுத்திடும் நேரத்தில் பெயரளவுக்கே இருக்கிறது. புது வீட்டுக்குப் போன மூன்றாம் ஆண்டில் முற்றிலும் விலகிவிடுகிறது.

சட்டம் வகுத்த பாதை

முறையான தத்து எப்படி நடக்க வேண்டும் என்பதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், அதன்கீழ் 2022-இல் வெளியான தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் விரிவாகச் சொல்கின்றன. தில்லியில் இயங்கும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம், சுருக்கமாகக் காரா, நாடு முழுவதற்கும் ஒரே இணையப் பதிவேட்டை நடத்துகிறது. மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அங்கீகாரம் பெற்ற சிறப்புத் தத்து நிறுவனம் ஆகிய மூன்றும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பெற்றோர் குழந்தையை நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். அதற்காக அவர்களை யாரும் தண்டிக்க முடியாது. கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. தெருவிலோ புதரிலோ கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அதன்பின் பெற்றோரைத் தேடும் படலம்: செய்தித்தாள் விளம்பரம், காணாமல்போன குழந்தைகளுக்கான இணையப் பதிவு, காவல்துறையின் அறிக்கை. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2 மாதங்களிலும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 4 மாதங்களிலும் தேடல் முடிந்து, தத்துக்குச் சட்டப்படி தகுதியான குழந்தை என்று குழு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்த பிறகுதான் குழந்தையின் விவரம் காத்திருக்கும் பெற்றோரின் திரைக்கு வரும். வந்ததும் 48 மணி நேரத்துக்குள் அவர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்துவந்த தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

இந்தக் கடைசி மாற்றம் நாட்களை மிச்சப்படுத்தியது உண்மை. ஆனால் ஒரு மனிதரின் பெயர், பெற்றோர், வாரிசுரிமை எல்லாவற்றையும் நிரந்தரமாக மாற்றும் ஆணை அது. பட்டா மேல்முறையீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நடுவே ஆட்சியரின் மேசையில் அது எத்தனை நிமிடம் பெறும் என்ற கவலை எனக்கு உண்டு.

பாதை முழுவதும் நலக் குழு என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாதம் 20 நாட்களாவது கூட வேண்டும் என்கிறது சட்டம். வறுமையா, மிரட்டலா, உண்மையான சம்மதமா என்று பிரித்தறியும் பொறுப்பு அவர்களுடையது. இடங்கள் மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பதும், பக்கத்து மாவட்டக் குழு கூடுதல் பொறுப்பு பார்ப்பதும் நமக்குப் பழகிப்போன செய்திகள். மற்றக் குழுக்களில் இது நிர்வாகத் தாமதம். இங்கே ஒரு பச்சைக் குழந்தை குடும்பமில்லாமல் கழிக்கும் மாதங்கள்.

எங்கிருந்து வந்தோம்

இந்தப் பாதை தானாகப் போடப்பட்டதில்லை. இந்தியக் குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கும் அமைப்புகளின் முறைகேடுகளைப் பத்திரிகையில் படித்த வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே, 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே பொதுநல மனுவாக ஏற்ற நீதிபதி பி. என். பகவதி 1984-இல் அளித்த தீர்ப்புதான் இன்றுள்ள விதிகளின் வித்து. முதலில் இந்தியக் குடும்பத்தைத் தேட வேண்டும், பெற்றவளுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும், வெளிநாட்டுப் பெற்றோரின் வீட்டு நிலையை அந்நாட்டு அமைப்பு விசாரித்துச் சான்றளிக்க வேண்டும், வேறொரு சுதந்திரமான அமைப்பு ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பவை அதில் வந்தன. 1990-இல் காரா உருவானது. நாடு கடந்த தத்து குறித்த 1993-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது.

தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் சரியாயிற்றா? 1990-களின் இறுதியில் இன்றைய தெலங்கானாவின் லம்பாடிப் பழங்குடிக் குடியிருப்புகளான தாண்டாக்களில் பெண் சிசுக்கள் சொற்பப் பணத்துக்கு வாங்கப்பட்டு, தாமாக ஒப்படைக்கப்பட்டவை என்ற ஆவணத்தோடு வெளிநாடு சென்றது அம்பலமானது. அதே காலத்தில் சென்னையின் குடிசைப் பகுதிகளில் நடந்தது இன்னும் கொடியது. தெருவில் விளையாடிய, வாசலில் தூங்கிய குழந்தைகள் திருடப்பட்டு, உரிமம் பெற்ற ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டார்கள். வேறு பெயர், வேறு தாய், போலி ஒப்படைப்புக் கடிதம் ஆகியவற்றோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 2005-இல் கைதுகள் தொடங்கின. பின்னர் சிபிஐ விசாரித்தது. தங்கள் மகன் என்று நம்பிய சிறுவனுக்கு மரபணுச் சோதனை கேட்டு ஒரு சென்னைத் தம்பதியர் நெதர்லாந்து நீதிமன்றம்வரை போனார்கள்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது ஒன்று. அங்கே கண்காணிப்பு இல்லாமல் இல்லை. நிறுவனத்துக்கு உரிமம் இருந்தது, கோப்பில் எல்லாத் தாள்களும் இருந்தன, உரிய அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். கோப்பில் உள்ள கைரேகைக்குரிய தாயை நேரில் பார்த்து விசாரித்தவர் யாரும் இல்லை. அன்று பார்க்கத் தவறியதை இன்றும் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

விசாரணையே இல்லாத தத்து

இனி, இந்தச் சிக்கலில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதிக்கு வருகிறேன். சிறார் நீதிச் சட்டத்துக்கு வெளியே, முழுக்கச் சட்டபூர்வமான இன்னொரு தத்து இந்தியாவில் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. பெற்றோர் தங்கள் குழந்தையை இன்னொரு குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்கலாம். குழந்தை 15 வயதுக்குட்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவர் கொடுக்க, மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தத்துப் பத்திரம் பதிந்துவிட்டால், தத்து முறையாக நடந்ததாகவே நீதிமன்றம் கருதும். மறுப்பவர்தான் அதைப் பொய் என்று நிரூபிக்க வேண்டும்.

இதில் வீட்டு விசாரணை இல்லை. வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி எதையும் யாரும் கேட்பதில்லை. கொடுக்கும் தாயிடம் தனியாகப் பேசும் ஆலோசகர் இல்லை. 60 நாள் அவகாசம் இல்லை. பிறகு வந்து பார்க்கும் பணியாளரும் இல்லை. பணம் கைமாறக் கூடாது என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் அதிகபட்சம் 6 மாதச் சிறை. கைமாறியதா என்று பார்க்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை. சிறார் நீதிச் சட்டமோ, இந்துச் சட்டத்தின்படி நடக்கும் தத்துகளுக்குத் தான் பொருந்தாது என்று தன் 56-ஆம் பிரிவிலேயே விலகிக்கொள்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த காரணம் நியாயமானது. அண்ணன் பிள்ளையைத் தம்பி தத்தெடுப்பதும், அக்காள் மகளைச் சித்தி வளர்ப்பதும் நம் குடும்பங்களில் காலங்காலமாக நடப்பவை. அங்கே குழந்தை தன் ஊரை, பாட்டியை, சில சமயம் பெற்ற தாயையே இழப்பதில்லை. ஊரும் உறவுமே காவல். அந்த வழக்கத்துக்கு அரசு அலுவலரின் அனுமதி எதற்கு என்று 1956-இல் கேட்டிருந்தால் நானும் தலையசைத்திருப்பேன். இன்று அதே பத்திரம், ஒருவரையொருவர் அறியாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவே தரகர் எழுதிக் கொடுக்கும் தாளாகவும் பயன்படக்கூடும். தருமபுரியில் பிறந்த குழந்தை திருப்பூருக்குப் போவதை அந்தச் சட்டம் அண்ணன் தம்பி வீட்டுத் தத்தாகவே பார்க்கிறது. இதே சட்டத்தில் தத்தெடுத்த குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல மட்டும், 2021-இல் வந்த விதிகளின்படி, மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் தடையில்லாச் சான்றும் வேண்டும். லண்டனுக்குப் போகும் குழந்தைக்கு வேண்டிய சரிபார்ப்பு உள்ளூரில் கைமாறும் குழந்தைக்கு ஏன் வேண்டாம்?

பத்திரம்கூடத் தேவைப்படாத வழியும் இருக்கிறது. பிரசவிக்கும் பெண்ணையே வாங்குபவரின் பெயரில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், பிறப்புச் சான்றிதழ் நேராக வாங்குபவரின் குழந்தையாகவே வந்துவிடும். தத்து என்ற சொல்லே எங்கும் எழாது. ராசிபுரம் ஒலிப்பதிவில் சான்றிதழுக்குத் தனி விலை சொல்லப்பட்டதன் பொருள் இதுதான். தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவானவுடன் ஓர் எண் தரப்படுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் மாதாமாதம் அந்தப் பெண்ணைப் பின்தொடர்கிறார். அந்த எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ். நாட்டின் பல மாநிலங்களுக்கு வாய்க்காத ஏற்பாடு இது. ஆனால் பதிவான கர்ப்பம் ஒன்று பிறப்புப் பதிவில்லாமல் மறைந்தாலோ, பரிசோதனைக்கே வராத பெண்ணுக்குத் திடீரென்று குழந்தை பிறந்தாலோ, அந்தப் பதிவேடு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரை எச்சரிப்பதில்லை. சுகாதாரத் துறையின் எண் ஒரு பக்கம், சமூக நலத் துறையின் கோப்பு மறுபக்கம். இடையில் உள்ள வெளியில்தான் தரகர் நடமாடுகிறார்.

தண்டனைப் பிரிவுகள் வலுவாகவே இருக்கின்றன. குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ 5 ஆண்டுகள்வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் செய்தால் 3 முதல் 7 ஆண்டுகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், பச்சிளங்குழந்தை கடத்தப்பட்டால் அந்த மருத்துவமனையின் உரிமத்தை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்றது. ஆனால் குற்றம் வெளியே தெரிந்த பிறகு வருவது தண்டனை. ராசிபுரத்தில் அது வெளியே தெரிய முப்பது ஆண்டுகளும், யாரோ பதிவு செய்த ஓர் உரையாடலும் வேண்டியிருந்தன.

பெற்றவள்

தத்து பற்றிய பேச்சில் இரண்டு பேர்தான் பெரும்பாலும் வருவார்கள்: குழந்தைக்காக ஏங்கும் தம்பதியர், வீடில்லாத குழந்தை. பெற்றவளைப் பற்றிக் கேட்டால் பேச்சு தணிந்துவிடும். கேரளம் அதை உரக்கப் பேசவைத்தது. திருமணத்துக்கு முன் 2020 அக்டோபரில் குழந்தை பெற்ற ஓர் இளம்பெண், சில நாட்களிலேயே தன் வீட்டார் குழந்தையைப் பறித்துக் கொடுத்துவிட்டதாகக் காவல்துறை முதல் நலக் குழு வரை எல்லாக் கதவுகளையும் தட்டினார். அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஆந்திரத் தம்பதியர் ஒருவரிடம் தத்துக்கு முந்தைய வளர்ப்பில் விடப்பட்டது. திருவனந்தபுரத்தில் அவர் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகே அரசு அசைந்தது. மரபணுச் சோதனை நடந்து, 2021 நவம்பரில் நீதிமன்றம் குழந்தையை அவரிடம் ஒப்படைத்தது. எந்தத் தவறும் செய்யாமல், நான்கு மாதம் மடியில் வைத்திருந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த அந்த ஆந்திரத் தம்பதியரின் துயரத்துக்கு ஈடே கிடையாது. தாயின் சம்மதத்தை யாராவது அவளிடம் தனியே கேட்டிருந்தால் இந்த இரண்டு வீடுகளிலும் கண்ணீர் இருந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், பின்னர் கடலூர், அரியலூர், விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்தத் தொட்டில்களுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தத் தொட்டிலே காரணம் என்பதை மறுப்பவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் தொட்டில் கேள்வி கேட்பதில்லை. குழந்தையைக் கிடத்திவிட்டுப் போகிறவள் தன் விருப்பத்தால் கிடத்தினாளா, மாமியாரின் கட்டாயத்தாலா, கணவன் குடித்தழித்த பணத்தாலா என்று அங்கே பதிவதில்லை. வளர்ப்பு உதவித்தொகையோ தற்காலிகக் காப்பகமோ கிடைத்திருந்தால் தானே வளர்த்திருப்பாளா என்பதும் தெரியாது. வறுமையால் மட்டும் பிரியும் தாயும் பிள்ளையும் பிரியத் தேவையில்லை. அரசின் முதல் வேலை அவர்களைச் சேர்த்துவைப்பது. தத்து அதன்பின் வர வேண்டியது.

இன்னொரு வகைத் தாய்மார் இருக்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதில், பலவேளை வன்முறையால் கருவுற்றவர்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். அந்த விதி அவர்களைக் காக்கவே எழுதப்பட்டது. ஆனால் வழக்குக்கும் ஊர்ப் பேச்சுக்கும் அஞ்சும் குடும்பம், யாருக்கும் தெரியாமல் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகரையே நம்புகிறது. ரகசியம் காப்பதாக அரசு தரும் உறுதி, தரகர் தரும் உறுதியைவிட நம்பத்தக்கதாக மாறாதவரை இந்தக் குழந்தைகள் நலக் குழுவின் வாசலை எட்டப்போவதில்லை.

காத்திருப்பவர்களும் கணக்கில் வராதவர்களும்

தத்தெடுப்பு மெதுவாக நடக்கிறது என்பது பெற்றோரின் நீண்ட கால ஆதங்கம். நியாயமானதே. 35,000-க்கும் மேற்பட்டோர் காராவில் பதிந்து காத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைக்காகக் காத்திருக்கும் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டுகிறது. 2023–24-இல் நாடு முழுவதும் நடந்த தத்துகள் 4,009. 2024–25-இல் 4,515, பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே உச்சம். ஆனால் 2010–11-இல் ஆறாயிரத்துக்கும் மேல் நடந்திருக்கின்றன.

தேவை இவ்வளவு, வரத்து இவ்வளவு என்று சந்தையின் கண்ணால் பார்த்தால், விதிகளைத் தளர்த்து என்ற முடிவுக்கே வருவோம். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கை வேறொன்றைக் காட்டியது. காப்பகங்களில் உள்ள ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 7,000 பேர் தத்துக்கு ஏற்றவர்கள் என்று கருதப்பட்டும், சட்டப்படி தகுதி பெற்றவர்கள் 2,430 பேர்தான். மற்றவர்களின் கோப்பு நகரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாமா வந்து எட்டிப்பார்ப்பதால் ஆதரவுள்ள குழந்தை என்று எழுதப்பட்டுக் காப்பகத்திலேயே பதினெட்டு வயதை எட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், காப்பகங்களில் உள்ள இத்தகைய குழந்தைகளை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்றும், எல்லா மாவட்டங்களிலும் சிறப்புத் தத்து நிறுவனம் அமைய வேண்டும் என்றும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2024–25-இன் உயர்வுக்கு அந்த உத்தரவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

தகுதி பெற்ற குழந்தைகளிலும் எல்லோரையும் யாரும் கேட்பதில்லை. பெற்றோர் விரும்புவது 2 வயதுக்குட்பட்ட, நோய்நொடியற்ற குழந்தை. ஏழு வயதுச் சிறுவனுக்கு, இதயக் கோளாறோடு பிறந்தவளுக்கு, பிரிக்கக் கூடாத அக்காள் தம்பிக்கு அழைப்பு வருவதில்லை. வெளிநாடு செல்லும் குழந்தைகளில் பெரும்பகுதியினர் இப்படி நம்மால் ஒதுக்கப்பட்டவர்கள். நிறமும் முகச்சாயலும் பார்க்கும் நம் குடும்ப வழக்கத்துக்கும், ராசிபுரத்தில் சொல்லப்பட்ட விலைப்பட்டியலுக்கும் உள்ள உறவை நாம் நேராகப் பார்த்தாக வேண்டும்.

அவசரம் எந்த அளவுக்கு ஆபத்தானது என்பதை இரண்டு பேரிடர்கள் காட்டின. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் குழந்தைகளைத் தத்தெடுக்க நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தபோது, தமிழ்நாடு அரசு உடனடித் தத்துகளுக்கு இடம் கொடுக்காமல் அரசு இல்லங்களைத் திறந்தது. சித்தியும் மாமாவும் தேடிவர அவகாசம் கிடைத்தது. அது சரியான முடிவு. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த பச்சைக் குழந்தைகள் இருக்கிறார்கள், வேண்டுவோர் இந்த எண்ணில் அழையுங்கள் என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் ஓடின. நல்லெண்ணத்தில்தான் பலரும் பகிர்ந்தார்கள். இப்படி அழைப்பு விடுவோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

வீடு போய்ச் சேர்ந்த பின்

குழந்தை புது வீட்டுக்குப் போனது முதல் 2 ஆண்டுகளுக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து அறிக்கை தர வேண்டும். நடைமுறையில் இது புகைப்படம் எடுத்து, தேநீர் குடித்து, படிவம் நிரப்பும் சந்திப்பாகச் சுருங்கிவிடக் கூடாது. 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், பீகாரிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்ட மூன்று வயதுச் சிறுமி வளர்ப்புக் குடும்பத்தில் இறந்தபோது இந்தியாவே அதிர்ந்தது. அவளைப் பற்றிய தொடர் அறிக்கைகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

கொடுமை அரிது. கூடுதலாக நடப்பது வேறு: ஒட்டவில்லை என்று திருப்பி ஒப்படைப்பது. 2017 முதல் 2019 வரை தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் திருப்பி அனுப்பப்பட்டதைக் காராவின் தரவுகள் காட்டின. அவர்களில் பலர் 6 வயதுக்கு மேற்பட்டவர்கள். காப்பகத்தில் ஆறேழு ஆண்டு வளர்ந்த பிள்ளை புது வீட்டில் சாப்பாட்டை ஒளித்துவைக்கும், பொய் சொல்லும், இரவில் கத்தும். கைக்குழந்தையைக் கனவு கண்ட பெற்றோருக்கு இதை எதிர்கொள்ள யாரும் கற்றுத் தருவதில்லை. திரும்பிவரும் பிள்ளை இரண்டாம் முறை கைவிடப்படுகிறது. அது இனி யாரை நம்பும்? முதல் 2 ஆண்டுகளில் வேண்டியது விசாரணை அதிகாரியைவிட, நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் ஆலோசகர்.

பிறகு ஒரு நாள் குழந்தை வளர்ந்து கேட்கும், நான் யார் வயிற்றில் பிறந்தேன் என்று. 18 வயது நிறைந்தவர் தன் வேரைத் தேட விதிகள் இடம் தருகின்றன. பெற்றவள் தன் பெயரை வெளியிட மறுக்கும் உரிமையும் இருக்கிறது. இரண்டுமே நியாயம். ஆனால் கோப்பில் இருக்கும் விவரம் பொய்யாக இருந்தால் இரண்டு உரிமைகளுக்கும் பொருள் இல்லை. 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் சுமார் 11,000 பேர் என்கிறார்கள். வளர்ந்தபின் தாயைத் தேடி வந்த பலருக்குக் கிடைத்தவை போலிப் பெயர்களும், தாயாக நடிக்கக் கூலி பெற்ற பெண்களும். 2017-இல் இலங்கை சுகாதார அமைச்சரே இதை ஒப்புக்கொண்டார். 2021-இல் நெதர்லாந்தின் விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து வந்த தத்துகளில் முறைகேடு பரவலாக இருந்ததைக் கண்டறிந்தது. அந்நாடு வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவைத்தது. 2024-இல் சீனா வெளிநாட்டுத் தத்தையே முடித்துக்கொண்டது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை அறியும் ஆணையம், ஆவணங்கள் திருத்தப்பட்டதற்கு அரசும் பொறுப்பு என்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் மன்னிப்பு, இறந்துபோன தாயைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

செய்யக்கூடியவை

புதிதாக ஒரு பெரிய சட்டம் எழுதிய பிறகுதான் எதுவும் முடியும் என்று நான் நினைக்கவில்லை. 1956 சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும்: நெருங்கிய உறவுக்கு வெளியே நடக்கும் எந்தத் தத்துப் பத்திரமும், நலக் குழுவின் விசாரணைச் சான்று இல்லாமல் பதியப்படக் கூடாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே தத்துச் சட்டம் வேண்டும் என்று நிலைக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. அதற்கு ஆண்டுகள் ஆகலாம். எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டதால், முறையான வழி இன்று எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

மற்றவை மாநில அரசே செய்யக்கூடியவை. கர்ப்பப் பதிவு எண்ணையும் பிறப்புப் பதிவையும் பொருத்திப் பார்த்து, பொருந்தாதவற்றை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு மாதந்தோறும் அனுப்பலாம். அரசு மருத்துவமனைப் பிரசவப் பிரிவுகளில், பிள்ளையை வளர்க்க முடியாத தாயோடு தனியே பேச ஒரு பெண் ஆலோசகரை அமர்த்தலாம். ஒப்படைத்தால் தண்டனை இல்லை, 60 நாள் அவகாசம் உண்டு என்ற இரண்டு வரிகளை அங்கே சுவரில் எழுதிவைக்கலாம். நலக் குழுக்களின் காலியிடங்களை நிரப்பலாம். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு மேம்பாலத் தூணுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை இருக்கிறது, கொஞ்சம் செலவாகும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உறவினரோ செவிலியரோ மருத்துவரோ சொன்னால், அது உதவி ஆகாது, குற்றம். தெரிந்தவர் என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்; குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். தனியே பிரசவித்துத் தவிக்கும் பெண் ஒருவரை நீங்கள் அறிந்திருந்தாலும் அதே எண்ணைத்தான் அழைக்க வேண்டும். 1098. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அழைத்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள்.